மாநாட்டிற்குப் போகும் வழி: திருத்தணியிலிருந்து தாம்பரம் வரை

முன்னுரை

மாநாடு ஒன்று கூட்டப்படும்போது நமக்கு வரும் சுற்றறிக்கையில் பொருள், நோக்கம், உரையாற்றுவோர், வழிபாட்டு ஒழுங்கு ஆகிய யாவும் விரிவாக இடம்பெறும். எவ்வாறு வந்து சேர்வது என்பது மட்டும் இறுதிப் பத்தியில் இரண்டே வரிகளில் முடிந்துவிடும். பயண ஏற்பாட்டை அவரவரே செய்துகொள்ள வேண்டும் என்பதே பெரும்பாலும் அவ்வரிகளின் சாரம். இறையியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நாமும் எண்ணிக் கடந்து விடுகிறோம். ஆனால் அம்மாநாட்டில் யார் அமர்வார், யார் பேசுவார், யாருடைய கேள்வி அறிக்கையில் ஏறும் என்பனவற்றைப் பெருமளவு முடிவு செய்வது அந்த இரண்டு வரிகளே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். ஆந்திர எல்லையை அடுத்துள்ள திருத்தணியைப் புறப்படும் இடமாகவும், 1938ஆம் ஆண்டு முதல் உலகத் திருச்சபை வரலாற்றில் பெயர்பெற்றுவிட்ட தாம்பரத்தைச் சேரும் இடமாகவும் கொள்வோம். திருத்தணியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திருப்பணியாற்றும் போதகர் அல்லது உபதேசியார் ஒருவர், தாம்பரத்தில் காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் மாநாட்டிற்குச் செல்ல வேண்டும். அவர்முன் உள்ள வழிகள் யாவை?

1. ஊரின் இருப்பிடம்

முருகப் பெருமானின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாக எண்ணப்படும் தணிகை மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் திருத்தணி. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் மக்களின் வாழ்வு அக்கோட்டினால் பிளவுபடவில்லை. தமிழும் தெலுங்கும் வீட்டிலும் சந்தையிலும் கலந்து வழங்கும் பகுதி இது.

சென்னையிலிருந்து அரக்கோணம் வந்து, அங்கிருந்து வடக்கே ரேணிகுண்டாவுக்குப் பிரியும் இருப்புப்பாதையில் அரக்கோணத்தை அடுத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டரில் திருத்தணி உள்ளது. சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையும் இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. எனவே வழியற்ற ஊர் என்று இதனைக் கூற இயலாது. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது.

2. மூன்று வழிகள்

முதலாவது, சென்னை நகரினூடே செல்லும் இரயில் வழி. திருத்தணியில் புறநகர் மின்வண்டி ஏறி, அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி வழியாகச் சென்னை சென்டிரலை அடுத்துள்ள மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் இறங்கலாம். இத்தொலைவு ஏறத்தாழ 82 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்திற்குமேல் ஆகும். அங்கிருந்து சாலையைக் கடந்து பார்க் நிலையம் சென்று, தாம்பரம் மின்வண்டியில் மேலும் முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். காத்திருத்தலையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம் என்று கொள்வது அறிவுடைமை. கட்டணம் மிகக் குறைவு. பார்க் நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு வண்டிகளும் அடிக்கடி உண்டு. ஆனால் சென்டிரலுக்கும் பார்க்குக்கும் இடையே படிகளையும் சுரங்கப்பாதையையும் கடக்க வேண்டும். அலுவலகம் செல்வோரின் காலை நெரிசலில் கைப்பெட்டியுடன் அவ்விடத்தைக் கடப்பது முதியோருக்கு எளிதன்று.

இரண்டாவது, நகரைத் தொடாத இரயில் வழி. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டிற்கு ஓர் இருப்புப்பாதை செல்கிறது. செங்கற்பட்டில் வடக்கு நோக்கித் திரும்பினால் தாம்பரத்தை அடையலாம். கூட்டிப் பார்த்தால் இவ்வழியும் முதல் வழியும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான். நெரிசல் குறைவு, நிலையம் விட்டு நிலையம் நடக்க வேண்டியதில்லை. ஆனால் இப்பாதையில் வண்டிகள் சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். ஆகவே, கால அட்டவணையை அன்றைய நிலையில் உறுதிசெய்த பின்னரே இவ்வழியை நம்ப வேண்டும்.

மூன்றாவது, பேருந்து வழி. திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகக் காஞ்சிபுரம் சென்று, அங்கிருந்து வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் சேரலாம். நெடுஞ்சாலையில் திருவள்ளூர் சென்று, பூந்தமல்லி வழியாகவும் தாம்பரம் வரலாம். இரயில் நிலையத்திலிருந்து விலகியுள்ள சிற்றூர்களில் இருப்போருக்குப் பேருந்தே பயன்படும். செலவு சற்றுக் கூடும். நேரத்தைத் துல்லியமாகக் கணிக்க இயலாது.

இம்மூன்றில் எதனைத் தெரிந்துகொண்டாலும், காலை ஒன்பதரை மணிக்குத் தாம்பரத்தில் அமர வேண்டுமானால், ஆறு மணிக்கு முன்னரே திருத்தணி நிலையத்தில் வண்டியேறியிருக்க வேண்டும். பள்ளிப்பட்டு, இராமகிருஷ்ணராஜுபேட்டை ஆகிய பக்கங்களில் உள்ளவர் திருத்தணிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அவர் நள்ளிரவு கடந்ததும் எழ வேண்டும். அல்லது முன்னாள் இரவே புறப்பட்டு எங்கேனும் தங்க வேண்டும். மாநாடு திங்கட்கிழமை தொடங்குமாயின் முன்னாள் ஞாயிறு. இரண்டு மூன்று சபைகளில் வழிபாடு நடத்தி, நோயாளரைச் சந்தித்து, மாலைக் கூட்டமும் முடித்தவர் எப்பொழுது புறப்படுவார்? நகரில் வாழும் பேராளருக்கு ஒன்பதரை மணி என்பது வசதியான நேரம். எல்லையூர்ப் பேராளருக்கு அது ஓர் இரவுத் தூக்கத்தின் விலை.

நாளைக் குறிப்பதிலும் கவனம் தேவை. ஆடிக் கிருத்திகையன்று காவடியேந்திய அடியார் பல்லாயிரவர் திருத்தணியில் கூடுவர். சிறப்புப் பேருந்துகளும் வண்டிகளும் விடப்படும். ஊரினுள் போக்குவரத்து மாற்றியமைக்கப்படும். டிசம்பர் 31ஆம் நாள், ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளிலும் பாடிக்கொண்டே மலையேறும் திருப்படித் திருவிழா நடைபெறும். அந்நாள்களில் அங்கிருந்து புறப்படுவதும் அங்குத் திரும்புவதும் கடினம். நாம் திருச்சபை நாட்காட்டியை மட்டும் பார்த்து மாநாட்டிற்கு நாள் குறிக்கிறோம். அயலாரின் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. சமய உரையாடல் பற்றிய மாநாட்டிற்கே இவ்வாறு நாள் குறித்துவிடுவதும் உண்டு.

3. பிந்தி வந்தவர்

நாம் கலந்துகொண்ட ஒரு மாநாட்டில் கண்டதை இங்குக் கூறுவது பொருந்தும். எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றிலிருந்து உபதேசியார் ஒருவர் பதினொரு மணிக்குமேல் வந்து சேர்ந்தார். பெயர்ப் பதிவு மேசை மூடப்பட்டிருந்தது. குழுக்களும் பிரிக்கப்பட்டுவிட்டன. அவர் பின்வரிசையில் அமர்ந்தார். பிற்பகல் நான்கு மணிக்குத் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டபொழுது, கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக எழுந்து சென்றுவிட்டார். அன்று நாம் விவாதித்த பொருள் கிராமச் சபைகளில் உபதேசியாரின் பணி. அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் பின்னர் சேர்க்கப்பட்டது. அவருடைய குரல் அறிக்கையில் இல்லை. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. வண்டி நேரத்தை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

4. திருமறையும் திருச்சபை வரலாறும்

இது நம் காலத்துச் சிக்கல் மட்டுமன்று. ‘சினடு’ என்று நாம் வழங்கும் சொல்லே இதனை நினைவூட்டுகிறது. கிரேக்க மொழியில் ‘சுன்’ என்பது ‘உடன்’. ‘ஹோதோஸ்’ என்பது ‘வழி’. இரண்டும் இணைந்த ‘சுனோதோஸ்’ என்னும் சொல் கூடிவருதலைக் குறித்தது. இதனோடு உறவுடைய ‘சுனோதியா’ என்னும் சொல்லை லூக்கா 2:44-இல் காண்கிறோம். பண்டிகைக்குச் சென்று திரும்பிய பயணக் கூட்டத்தில் சிறுவன் இயேசு இருப்பதாகப் பெற்றோர் எண்ணினர் என்னுமிடத்தில் அக்கூட்டத்தைக் குறிக்கும் சொல் அது. திருச்சபையின் மிக உயர்ந்த மன்றத்தின் பெயருக்குள்ளேயே வழி இருக்கிறது.

அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை நாம் எருசலேம் மாநாடு என்றே கற்பிக்கிறோம். பெரும்பாலும் ஆறாம் வசனத்தில் விவாதம் தொடங்குமிடத்திலிருந்து படிக்கிறோம். ஆனால் மூன்றாம் வசனம் பயணத்தைப் பற்றியது. அந்தியோகியாச் சபையார் பவுலையும் பர்னபாவையும் வழியனுப்புகின்றனர். அவர்கள் பெனிக்கே, சமாரியா நாடுகளின் வழியாகச் சென்று, புறவினத்தார் மனந்திரும்பியதை ஆங்காங்கே அறிவிக்கின்றனர், சகோதரர் மகிழ்கின்றனர். எருசலேமில் விவாதம் எழுவதற்கு முன்னரே வழிநெடுகிலும் சபைகளின் கருத்து உருவாகிவிட்டது. மாநாடு சாலையிலேயே தொடங்கிவிட்டது என்று கூறினால் மிகையாகாது.

இங்கு வழியனுப்புதல் என்பதைக் குறிக்கும் ‘புரோபெம்போ’ என்னும் வினை கையசைத்து விடைதருவதை மட்டும் குறிப்பதன்று. பயணத்திற்கு வேண்டிய உணவு, பொருள், துணை ஆகியவற்றைக் கொடுத்து அனுப்புவதையும் அது உள்ளடக்கும். தீத்து 3:13-இலும் யோவானின் மூன்றாம் நிருபம் ஆறாம் வசனத்திலும் இதே வினை இப்பொருளில் வருவதைக் காணலாம். ஆதித் திருச்சபையில் பயணம் அவரவர் பாடாக விடப்படவில்லை. அது சபையின் கடமையாயிருந்தது.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரம் பயண வழிகளைத் தெரிந்துகொள்வதைப் பற்றியே பேசுகிறது. உடன்வந்தோர் கப்பலேறி ஆசோ பட்டணத்திற்குச் செல்ல, பவுல் தரைவழியாகச் செல்கிறார். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் இருக்க விரும்பியதால் எபேசுவில் இறங்காமல் கடந்துபோகிறார். பின்னர் மிலேத்துவிலிருந்து ஆளனுப்பி எபேசுவின் மூப்பரை வரவழைக்கிறார். ஒருவருடைய விரைவின் பொருட்டு வேறு சிலர் நெடுவழி நடந்தனர் என்பதையும் லூக்கா மறைக்கவில்லை.

கி.பி. 325இல் நிசேயாவில் பொதுச்சங்கம் கூடியபோது, பேரரசன் கான்ஸ்டன்டைன் ஆயர்களுக்கு அரசு அஞ்சல் ஊர்திகளையும் சுமை விலங்குகளையும் அளித்தான் என்று யூசேபியு எழுதுகிறார். பேரரசின் தொலைவான பகுதிகளிலிருந்தும் ஆயர்கள் வந்து சேர இவ்வுதவி துணைநின்றது. ஆனால் அரசு கொடுக்கும் ஊர்திக்கு விலையும் உண்டு. அவன் மகன் கான்ஸ்டான்டியுவின் காலத்தில் ஆயர்கள் சங்கத்திற்குச் சங்கம் விரைந்தோடி அரசு அஞ்சல் அமைப்பையே தளரச் செய்தனர் என்று, கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானு மார்செல்லினு குறை கூறுகிறார். ஊர்தி தருபவர் சங்கத்தின் போக்கையும் நெறிப்படுத்த விரும்புவது இயல்பே.

எல்லாவற்றினும் கசப்பான பாடம் கி.பி. 431ஆம் ஆண்டு எபேசுச் சங்கத்தில் கிடைக்கிறது. அந்தியோகியாவின் யோவானும் கீழைத்தேச ஆயர்களும் நெடுந்தரைவழியே வந்துகொண்டிருந்தனர். வழியில் குதிரைகள் மடிந்தன, ஆயர்கள் நோயுற்றனர். குறித்த நாள் கடந்துவிட்டது. அலெக்சாந்திரியாவின் சிரில் அவர்களுக்குக் காத்திராமல் ஜூன் 22ஆம் நாள் சங்கத்தைத் தொடங்கி, நெஸ்தோரியுவை அன்றே பதவி நீக்கச் செய்தார். சில நாள்கள் கழித்து வந்து சேர்ந்த கீழைத்தேசத்தார் தனிச்சங்கம் கூடிச் சிரிலைப் பதவி நீக்கினர். இரு தரப்பாரும் ஒப்புரவாக 433ஆம் ஆண்டு வரை ஆயிற்று. நெஸ்தோரியுவைக் கண்டிக்கும் முடிவை ஏற்காத கீழைத் திருச்சபையின் பிரிவு இன்னும் தீரவில்லை. கிறிஸ்துவியல் கருத்து வேறுபாடும் திருச்சபை அரசியலும் இதற்கு அடிப்படை என்பதை நாம் அறிவோம். ஆயினும், பயணத்தில் பிந்தியவருக்காகக் காத்திராமை அப்பிளவை ஆழமாக்கியது என்பதையும் மறுக்க இயலாது.

5. தாம்பரம், 1938

உலக மிஷனெரிச் சங்கத்தின் மாநாடு முதலில் சீனாவின் ஹாங்செள நகரில் நடைபெறுவதாக இருந்தது. 1937இல் சீன–ஜப்பானியப் போர் மூண்டதால் இடம் மாற்றப்பட்டு, அப்போதுதான் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் 1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை நடைபெற்றது. 69 நாடுகளிலிருந்து 471 பேராளர் வந்தனர். தம்முள் போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் ஆகிய இரு நாடுகளின் கிறிஸ்தவரும் அவர்களுள் இருந்தனர்.

1910இல் எடின்பரோவில் கூடிய மாநாட்டில் பேராளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஆசியரோ மிகச் சிலர். வே. ச. அசரியா அச்சிலருள் ஒருவர். தாம்பரத்திலோ பேராளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ‘இளைய திருச்சபைகள்’ என்று அந்நாளில் அழைக்கப்பட்டவற்றைச் சேர்ந்தோர். இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும், கூடும் இடம் மாறியபோது கூடுவோரும் மாறினர் என்பது கண்கூடு.

அந்நாளில் திருத்தணியிலிருந்து தாம்பரம் செல்ல விரும்பியவர் நிலை என்ன? திருத்தணி வழிச்செல்லும் பாதை மதராஸ்–தென்மராத்தா இரயில்வேயின் அகலப்பாதை. தாம்பரம் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதையில் இருந்தது. 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்வண்டி ஓடியது. இரண்டு கம்பெனிகள், இரண்டு பாதைகள், இரண்டு பயணச்சீட்டுகள். சென்னையிலோ அரக்கோணத்திலோ இறங்கி மாறியே ஆகவேண்டும். கடல் கடந்து வந்தோருக்குச் செய்யப்பட்ட ஏற்பாடு பெரிது. ஆனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள ஊரின் உபதேசியாருக்கு உலக மாநாட்டில் இடமில்லை. உலக மாநாட்டின் இயல்பு அது. நம் வட்டார மாநாடுகளும் அவ்வாறே இருக்க வேண்டியதில்லை.

6. திருத்தணியிலிருந்து சென்ற மாணவர்

திருத்தணியிலிருந்து புறப்பட்டவர் எதைச் சுமந்து வருகிறார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1888ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்த இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரிஸ் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். அங்கு அவருடைய ஆசிரியருள் ஒருவர் ஏ. ஜி. ஹாக். இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவர் கூறிய குறைகளே அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தம்மைத் தூண்டின என்று இராதாகிருஷ்ணன் பின்னாளில் கூறினார். வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1908இல் வெளிவந்தது.

முப்பதாண்டுகள் கழித்து, ஹென்றிக் கிரேமர் எழுதிய நூலைப் பற்றித் தாம்பரத்தில் விவாதம் எழுந்தபோது, பிற சமயத்தாரின் நம்பிக்கையில் இறைவன் செயலாற்றுவதை மறுக்கலாகாது என்று மாற்றுக்கருத்துக் கூறியவருள் ஹாக் முக்கியமானவர். இராதாகிருஷ்ணனைப் போன்ற மாணவரோடு பழகிய ஆசிரியரின் பட்டறிவு அவ்வுரைக்குப் பின்னணியாக இருந்தது என்று நாம் கருதுவதில் தவறில்லை. மலையடிவாரத்து ஊரிலிருந்து வருபவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அவர் வராவிட்டால் அக்கேள்வியும் வராது.

7. நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகளை முன்வைக்கிறோம்.

(அ) தொடக்க நேரத்தைத் தொலைவில் உள்ள பேராளரின் வண்டி நேரத்தைக் கொண்டு கணிக்க வேண்டும். முதல் நாள் பிற்பகலில் தொடங்கி இறுதி நாள் நண்பகலில் முடிப்பது நலம். தீர்மானங்களைக் கடைசி மணி நேரத்திற்குத் தள்ளிவைத்தல் கூடாது.

(ஆ) வழிச்செலவை முன்னதாகவே அனுப்ப வேண்டும். மாநாடு முடிந்தபின் சீட்டுகளைக் காட்டிப் பெற்றுக்கொள்ளும் முறை, கையில் பணமுள்ளவருக்கே ஏற்றது.

(இ) கூடிப் பயணம் செய்ய வேண்டும். வேலூர்ப் பக்கத்திலிருந்தும் திருத்தணிப் பக்கத்திலிருந்தும் வருவோர் அரக்கோணத்தில் சந்தித்து ஒரே வண்டியில் செல்லலாம். கட்டுரைகளை முன்னதாகப் பெற்றிருந்தால் வழியிலேயே கலந்துரையாடலாம். பெனிக்கே, சமாரியா வழிப் பயணம் இதற்கு முன்மாதிரி.

(ஈ) பெண் பேராளர், முதியோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு இரவுப் பயணமும் படியேற்றமும் நேராதபடி வழி அமைக்க வேண்டும். ஊர்தி அமர்த்தும் செலவை இவர்களுக்கென ஒதுக்குவதே முறை. நகரத்து உரையாளருக்கு முதலில் கார் அனுப்புவது முறையன்று.

(உ) நாள் குறிக்குமுன் அவ்வப்பகுதி மக்களின் திருவிழா நாள்களையும் கேட்டறிய வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசும் பகுதியிலிருந்து வருவோருக்கு மொழித்துணையும் அளிக்க வேண்டும். ஊர் வந்து சேர்ந்தும் பேச்சு சென்று சேராவிடில் பயன் என்ன?

முடிவுரை

இவ்வளவும் செய்தபின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. எப்பொழுதும் சிற்றூரே நகரை நோக்கிப் பயணம் செய்ய வேண்டும் என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. காவடி தாங்கி மலையேறும் அடியாரை நாம் இரயிலின் பலகணி வழியே பார்த்துச் செல்கிறோம். அவர்கள் வாழும் ஊரில் அமர்ந்து, அவர்களிடையே பணியாற்றும் சபையாரின் இல்லங்களில் விருந்தினராகத் தங்கி, நம் இறையியலை ஆராய்ந்ததுண்டா? எபேசுவின் மூப்பர் மிலேத்துவுக்கு வந்தனர். நாம் ஒருமுறையேனும் எபேசுவுக்குச் செல்லலாம் அல்லவா?

ஆதித் திருச்சபையார் தம் நம்பிக்கைக்கு இட்ட பெயர்களுள் ஒன்று ‘மார்க்கம்’; அதாவது வழி. வழியைப் பற்றி எண்ணாத மாநாடு அப்பெயரை மறந்த மாநாடு ஆகும். அடுத்த கூட்டத்திற்குச் சுற்றறிக்கை எழுதுவோர் அந்த இறுதிப் பத்தியை முதலில் எழுதிப் பார்க்கட்டும். எழுதும்போது, திருத்தணியிலிருந்து தாம்பரம் எவ்வளவு தூரமோ, தாம்பரத்திலிருந்து திருத்தணியும் அவ்வளவு தூரந்தான் என்பதையும் நினைவிற்கொள்ளட்டும்.